தரை தொடாத கோடு

காலையிலிருந்து நின்றே வேலை. மத்தியானத்துக்குள் அவளுக்குக் குதிகாலில் ஆணி அறைந்தது மாதிரி ஆகிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, சில்லென்ற தரையில் பாதத்தை அழுத்தி நின்றிருந்தபோது, ஈசிஜி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். பின்னாலேயே மாமா. சொந்த மாமா இல்லை. குடோனில் அப்பாவோடு ஜோடி போட்டு மூட்டை தூக்குகிறவர்.

"நாலு மூட்டை ஏத்துனதும் உக்காந்துட்டாரும்மா," என்றார் மாமா. "இந்த ஆளு வேலைல உக்காந்து நான் பாத்ததே இல்ல. நெஞ்சு கனக்குதாம்."

"வாய்வுடா. சொன்னா கேக்க மாட்டேங்கிறான்," என்றார் அப்பா. "பாப்பா, ஒரு படம் எடுத்து இவன்கிட்ட காட்டிரு. இல்லன்னா பயத்துல இவன் போய்ச் சேந்துருவான்."

சட்டையைக் கழற்றினார். மார்பெல்லாம் தைலம் மினுங்கியது. மாமாவின் கைவண்ணம். அவள் துண்டால் துடைத்தாள். கைகளிலும் கால்களிலும் கிளிப்பை மாட்டி, பசை தடவி, ஆறு ரப்பர் குமிழ்களையும் மார்பில் அமுக்கி ஒட்டினாள்.

"ஆடக் கூடாதுப்பா. பேசக் கூடாது."

"நான் பேசாம இருந்தேன்னு சொன்னா உங்கம்மா நம்ப மாட்டா."

தாள் ஊர்ந்து வெளியே வந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் கோடு ஊசியாக எழும்பி, மடமடவென்று இறங்கி, தரை தொட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் சின்ன மேடாக ஏறவேண்டும். இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும் மூன்று வரிகளிலும் அது தரைக்கே வரவில்லை. பாதி இறக்கத்திலேயே மேடு கிளம்பிவிட்டது.

வேறு யாருக்காவது இப்படி வந்திருந்தால் தாளைக் கிழித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பாள். எத்தனையோ பேருக்கு அப்படி ஓடியவள்தான்.

தைலம்தான் காரணம் என்று நினைத்தாள். குமிழ்களைப் பிடுங்கி, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, மறுபடி ஒட்டினாள். வெளியே ஏதோ வண்டி புறப்படும் சத்தம் கேட்டது. இரண்டாவது தாளிலும் அதே மேடு. வலது கை, இடது கை ஒயரை மாற்றி மாட்டியிருந்தால் முதல் வரி தலைகீழாகியிருக்கும். ஆகவில்லை. அது தெரிந்தும் நான்கு கிளிப்பையும் கழற்றினாள். அலமாரியைக் குடைந்து வேறு ஒயர் எடுத்து மாட்டினாள்.

"மெஷினுக்கு என்ன பாப்பா, பசியா? இத்தனை தாளு திங்குது," என்றார் அப்பா. நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

மூன்றாவது தாளும் அதையேதான் சொன்னது.

டாக்டர் மூன்றையும் மேசையில் விரித்தார். "மூணு எதுக்கும்மா?"

"தைலம் தேச்சிருந்தாங்க சார். அதனாலயோன்னு..." என்றாள். "எங்கப்பா சார்."

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. "ரத்தக்குழாய்ல அடைப்பு. இங்க பாக்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாத்திரை தரேன், மென்னு முழுங்கச் சொல்லு. சிஸ்டர், ஆம்புலன்ஸ் வண்டி இருக்கா?"

"கால் முறிஞ்ச ஆளக் கூட்டிட்டு இப்பத்தான் சார் போச்சு," என்றாள் நர்ஸ். "இவ படம் எடுத்துட்டு இருந்தப்ப."

வேறு வண்டிக்குப் போன் போட்டார்கள். எங்கிருந்தோ வரவேண்டுமாம்.

மார்பின் வலது பக்கமும் ஒன்று எடுக்கச் சொன்னார் டாக்டர். குமிழை இடம் மாற்றி ஒட்டி எடுத்தாள். எழுதத்தான் அந்த மெஷினுக்குத் தெரியும், தடுக்கத் தெரியாது. அவளுக்கும் அவ்வளவுதான்.

"என்னம்மா சொல்லுது?" என்றார் அப்பா.

"டாக்டர் சொல்வாருப்பா." படுத்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய பதில்.

"உன்னத்தானே கேட்டேன்," என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா கட்டில் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். "மூட்டையா இருந்தா ஒரு முனைய நான் பிடிப்பேன்," என்றார். "இதுல எங்கம்மா பிடிக்கிறது?"

அவள் அப்பாவின் நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றினாள்.

வண்டி ஒருவழியாக வந்தது. அவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து தாள்களை மடியில் வைத்துக்கொண்டாள். மாமா முன்னால் ஏறினார். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் முன்னே லாரி ஒன்று குறுக்காக நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அப்பாவின் பாதம் சில்லிட்டிருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு தாளின் தலையிலும் மெஷின் நேரம் அடித்துவிடும். முதல் தாளைப் பார்த்தாள். மூன்றாவதைப் பார்த்தாள். நடுவில் பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் நல்ல வண்டி ஒன்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போயிருக்கிறது. மெஷின் முதல் தடவையே சரியாகத்தான் சொன்னது.

லாரி இன்னும் நகரவில்லை. அப்பாவுக்கு அவள் பன்னிரண்டு நிமிடம் கடன்பட்டிருந்தாள்.