பிஸ்கட் தகரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு துண்டு

சோதனை பாஸ் பண்ணி முடித்தவன் திரும்பவும் எதற்குப் படிக்கிறான்? எட்டு மாதமாக முத்துலிங்கத்துக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. ரயில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து நின்ற பிறகும் ஒருவன் பெட்டிக்குள்ளேயே குந்தியிருந்தால் அவனிடம் டிக்கற் இல்லை என்றுதானே அர்த்தம்? முன்னறையில் வாடகைக்கு இருந்த நாகேந்திரத்தின் சங்கதியும் அப்படித்தான் இருக்க வேண்டும். பி.ஏ. எடுத்துவிட்டானாம். இப்போது எம்.ஏ.வுக்கு ஆராய்ச்சியாம். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரில் முத்துக் குளிப்பு எப்படி நடந்தது என்று எழுதுகிறானாம். மன்னாரைப் பற்றி எழுதுகிறவன் மன்னாருக்கல்லவா போக வேண்டும்? இவன் வெள்ளவத்தையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான்.

முத்துலிங்கம் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். ஆனால் கொழும்புத் துறைமுகத்துக் கிட்டங்கியில் முப்பத்தொரு வருஷம் கங்காணியாக இருந்தவர். மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே எத்தனை குறைகிறது என்று சொல்லுவார். மனுஷரையும் அப்படித்தான் தட்டிப் பார்த்தார். முன்னம் அந்த அறையில் இருந்தவன் வாய் நிறைய ஐயா, ஐயா என்று கூப்பிட்டான். கடைசியில் சுவர் மணிக்கூட்டை மருதானையில் திருத்தித் தருகிறேன் என்று கொண்டு போனான். அவனும் வரவில்லை, மணிக்கூடும் வரவில்லை. அதனால் நாகேந்திரம் வந்த கிழமையே முத்துலிங்கம் முன்னறை ஜன்னலின் கொளுக்கியைக் கழற்றி எடுத்துவிட்டார். வாடகைக்கு இருக்கிறவன் உள்ளே பூட்டிக்கொண்டு இருந்தால் வீட்டுக்காரன் எப்படிப் பார்ப்பது?

முன்னறையில் மேசைக்கு மேலே சுவரில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. நாகேந்திரத்துக்கு முந்தி இதே படிப்புப் படித்து, இப்போது யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருக்கும் நவரத்தினம் என்பவன் எழுதியது. தமிழில் இருந்ததால் முத்துலிங்கம் ஒரு முற்பகல் முழுக்க நின்று அதைக் கூட்டிக் கூட்டி வாசித்தார்.

ஒரு குறிப்புத் துண்டில் ஒரு விஷயத்துக்கு மேல் எழுதாதே என்றிருந்தது. பேராசிரியரைச் சாப்பாட்டுக்கு முன் பார்க்கப் போகாதே, சாப்பிட்ட பிறகு போ. மத்தியானத்தில் சோற்றைக் குறை, இல்லாவிட்டால் புத்தகத்தின் மேலேயே படுப்பாய். மழைக்கு ஒரு எண்ணெய்ச் சீலை எப்போதும் பையில் இருக்கட்டும், நனைந்த சட்டை காயும், நனைந்த குறிப்புக் காயாது. நூலகத்துப் பியோனோடு சிநேகமாயிரு, எந்தப் புத்தகம் எங்கே கிடக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். எவ்வளவு முடிந்தது என்று யார் கேட்டாலும் பாதி என்று சொல். யுத்த காலம், எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைக்காதே.

குசினிக்குப் போய் மனைவி கனகேஸ்வரியிடம் சொன்னார்.

"உது படிக்கிற பிள்ளையளுக்குச் சொல்லுற புத்தி," என்றாள் அவள். தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"படிக்கிறவனுக்கு ஏன் பியோன்ரை சிநேகிதம்? கிட்டங்கியிலை சாமான் காணாமப் போனா நாங்கள் முதல் பிடிக்கிறது காவல்காரன்ரை சிநேகிதனைத்தான்."

"உங்களுக்குச் சிநேகிதரே இல்லை. அதுதான் ஒருத்தரும் உங்களைப் பிடிக்கேல்லை."

"ஒரே வீட்டிலை வையாதையெண்டு எழுதியிருக்கு. அப்ப மற்ற வீடு எது?"

"போன வருஷம் குண்டு விழுந்தது மறந்து போச்சோ? பாவம், மாச முடிவுக்குள்ளை எழுதிக் குடுக்காட்டி அந்தப் பிள்ளையின்ரை ஸ்கொலர்ஷிப் நிண்டு போமாம். வெறுங்கையோட ஊருக்குப் போக வேணுமாம். நீங்கள் பியோனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

மற்ற வீடு கொட்டாஞ்சேனையில் இருந்தது. வந்த சனிக்கிழமை நாகேந்திரம் எண்ணெய்ச் சீலையில் சுற்றிய பார்சலோடு ரயில் ஏறினான். முத்துலிங்கம் அடுத்த பெட்டியில் ஏறினார். கோட்டையில் இறங்கியவன் கையில் பாரத்தோடு கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போனான். டிராமிலோ ரிக்‌ஷாவிலோ போனால் யாராவது கண்டு வைத்துக்கொள்வார்கள் என்று பயப்படுகிறான் போலிருக்கிறது. மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் பழைய கடதாசி விற்கும் கடை ஒன்று. பார்சலை உள்ளே கொடுத்தான். வேறொரு கட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

முத்துலிங்கம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் போனார். கடைக்காரர் ஸாலிஹ், வெள்ளைத் தொப்பி போட்ட பருத்த மனிதர், விளம்பர நோட்டீஸ்களைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க பெரியவரே. இரிங்க. பிளேன்டி வருது."

"நான் தேத்தண்ணி கேக்கேல்லை."

"நீங்க கேக்கல்ல. அந்தத் தம்பிதான் சொல்லிட்டுப் போறாரு. எங்கட வீட்டுக்காரர் வெள்ளவத்தையில இருந்தே பின்னால வாரார், வெயிலு, ஒரு பிளேன்டி குடுங்க நானா எண்டு."

முத்துலிங்கத்துக்குக் காது சுட்டது. தேத்தண்ணி வந்தது. அவர் தொடவில்லை.

"அவன் தந்த பார்சலுக்குள்ளை என்ன?"

"எழுதின கடதாசி எண்டு சொன்னாரு. கொண்டு போறது எழுதாத கடதாசி. யுத்தத்தில நல்ல கடதாசி எங்க ஈக்கிது? ஒரு பக்கம் அச்சடிச்ச நோட்டீசு, கழிவு லேபல், இதுதான் எடுக்கிறாரு. மத்தப் பக்கத்தில எழுதுறாராம்."

"பிரிச்சுக் காட்டும் பாப்பம்."

ஸாலிஹ் அடுக்குவதை நிறுத்தினார். "அது அமானிதம் பெரியவரே. ஒருத்தர் நம்பித் தந்தது. நான் பிரிச்சா நாளைக்கு உங்கட பார்சலையும் பிரிப்பேன். டீ ஆறுது, குடிங்க."

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். முத்துலிங்கத்தின் கிட்டங்கி அனுபவம் வேறு. கொஞ்சமும் பயமில்லாமல் நடந்து போகிறவனின் மடியைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறவன் லேசுப்பட்டவனா?

செவ்வாய்க்கிழமை கனகேஸ்வரி கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போனாள். நாகேந்திரம் யூனிவர்சிற்றிக்குப் போய்விட்டான். முத்துலிங்கம் முன்னறைக்குள் போய் மேசைக்குக் கீழே இருந்த பெரிய பிஸ்கட் தகரத்தை இழுத்தார். கயிறு கட்டியிருந்தது. முடிச்சை ஒரு தரம் பார்த்து வைத்துக்கொண்டு அவிழ்த்தார். எந்த முடிச்சையும் இருந்தபடியே திரும்பப் போட அவருக்குத் தெரியும்.

உள்ளே துண்டுகள், நிறுத்தி வைத்து நெருக்கி அடுக்கியவை. ஒன்றைக் கையால் தொடப் போனவர் நின்றார்.

அவருடைய இருபத்தெட்டு வயதில், கிட்டங்கிக்கு உடைந்து வந்த ஒரு பெட்டியைத் துரை சொல்லித் திறந்தார். கண்ணாடிக் கிண்ணங்கள். எடுத்து வெளியே வைத்தார். ஒன்று குறைகிறது என்று சொந்தக்காரன் நின்றான். திறந்தபோது எத்தனை இருந்தது என்று முத்துலிங்கம் எண்ணி வைத்திருக்கவில்லை. மூன்று மாதம் வேலை இல்லாமல் அலைந்தார். அன்று முதல் பிறத்தியான் பெட்டியைத் திறந்தால், ஒரு சாமானை அசைக்க முதல் எல்லாவற்றிலும் தன் குறியில் வரிசை இலக்கம் போடுவார். ஒன்றுக்கு ஒரு கோடு, பத்துக்குப் பெருக்கல் மாதிரி ஒரு புள்ளடி, நூறுக்கு ஒரு வட்டம். பிறகு எவனாவது குறைகிறது என்று வந்தால் எண்ணிக் காட்டலாம்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். முன்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சாய்த்து, நோட்டீஸ் அச்சடித்திருந்த பின்பக்கத்தில், மூலையில் சின்னதாகக் குறி போட்டார். கடைசித் துண்டில் நாலு வட்டம், ஒரு புள்ளடி, இரண்டு கோடு. நானூற்றுப் பன்னிரண்டு. அதன் பிறகுதான் வெளியே எடுத்துத் தேடினார். தகரத்தின் அடியைத் தட்டினார். இரட்டை அடி இல்லை. துண்டு முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலிஷ். முத்தும் இல்லை, கூப்பனும் இல்லை. எடுத்தபடியே அடுக்கி, முடிச்சைப் போட்டுத் தள்ளினார். ஒன்றுமே அகப்படவில்லை என்பதுதான் அவரை அன்று பின்னேரம் முழுக்க அரித்தது.

எட்டு நாள் கழித்து, புதன்கிழமை காலை. கட்டுரை கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். முதல் மூன்று அதிகாரமும் டைப் அடித்தாகிவிட்டது, கடைசி அதிகாரம் மட்டும் மிச்சம். அதை இருந்த இருப்பில் எழுதி முடிக்க நாகேந்திரம் துண்டுகளை நிலத்தில் பாய் விரித்து வரிசை வரிசையாகப் பரப்பியிருந்தான். கனகேஸ்வரி கஞ்சிக் கோப்பையோடு நடுக்கதவைத் திறந்தாள். ஆனி மாதத்துக் கடல்காற்று. ரயில் பாதைக்கு அடுத்த மூன்றாவது வீடு. கொளுக்கி இல்லாத ஜன்னல் படாரென்று உள்ளே அடித்தது. காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறு பக்கத்தால் போனது.

முத்துலிங்கம் ஓடி வந்தபோது துண்டுகள் சுவரோரம், கட்டிலுக்குக் கீழே, குசினி வாசல் வரைக்கும் கிடந்தன. நாகேந்திரம் நடுவில் இருந்தான். இரண்டு கையிலும் ஒவ்வொரு பிடி. எதையும் பொறுக்கவில்லை.

"திரும்ப அடுக்க எத்தினை நாள் செல்லும் தம்பி?" என்று கேட்டாள் கனகேஸ்வரி.

"இருபது நாள். ஒவ்வொண்டையும் வாசிச்சு, புத்தகத்தோட ஒத்துப் பாக்க வேணும்." குரல் சும்மா கணக்குச் சொல்வது போல இருந்தது. "வெள்ளிக்கு இனி ஏலாது அம்மா."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கொளுக்கியைக் கழட்டினது ஆர்?"

முத்துலிங்கம் முற்றத்துக்குப் போனார். தொட்டித் தண்ணீரில் கால் கழுவினார். கழுவின காலையே திரும்பவும் கழுவினார். துண்டுகளில் அவர் போட்ட குறிகள் நோட்டீஸ் எழுத்துக்குள் மறைந்து கிடந்தன. நாகேந்திரத்தின் கண்ணில் படவில்லை, பட்டாலும் அவனுக்கு விளங்காது. அவர் வாயைத் திறக்காவிட்டால் எவருக்கும் எக்காலத்திலும் தெரிய வராது. திறந்தால் மனைவிக்குத் தெரியும், அவள் வழியாக ஒழுங்கை முழுக்கத் தெரியும். குடியிருக்கிறவன் பெட்டியைத் திறக்கிற வீட்டுக்காரனிடம் எவன் வருவான்? இதே வேலைக்காகக் கிட்டங்கியில் இரண்டு பேரை அவரே கழுத்தில் பிடித்துத் தள்ளியிருக்கிறார்.

திரும்பி வந்து வாசலில் கிடந்த துண்டொன்றைக் குனிந்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது இருநூற்று எழுபத்தி மூண்டு."

"என்ன ஐயா?"

"ரெண்டு வட்டம், ஏழு புள்ளடி, மூண்டு கோடு. பின்பக்கத்து மூலையைப் பார்."

நாகேந்திரம் கையிலிருந்த ஒன்றைத் திருப்பினான். பிறகு இன்னொன்று. பிறகு வேகமாக நாலைந்து.

"இதை ஆர் போட்டது?"

"நான்."

"எப்ப?"

"போன கிழமை, செவ்வாய். நீ போன பிறகு."

கனகேஸ்வரி கஞ்சிக் கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

"என்ன தேடினீங்கள் ஐயா?" என்றான் நாகேந்திரம்.

"தெரிஞ்சிருந்தா ஏன் தேடுறன்?"

"அகப்பட்டுதோ?"

"இல்லை."

"அப்ப இனி என்னை நம்புவியள்."

"அது வேறை கதை," என்றார் முத்துலிங்கம். "ஜன்னலுக்கு அம்மிக் குழவியை முட்டுக் குடு. நான் இலக்கம் சொல்லுறன், நீ அடுக்கு."

மத்தியானச் சோறு இல்லை. கடிதத்தில் சொன்னபடி சோற்றைக் குறைத்தாகிவிட்டது என்று நாகேந்திரம் ஒரு தரம் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை. குறி இல்லாத பத்தொன்பது துண்டு அந்த எட்டு நாளில் எழுதியவை. அவற்றின் இடம் அவனுக்கு நினைவிருந்தது. மூன்றரை மணிக்கு எல்லாம் வரிசைக்கு வந்தன, ஒன்றைத் தவிர.

"எண்பத்தெட்டு இல்லை," என்றார் முத்துலிங்கம்.

"ஒண்டுதானே ஐயா, போகட்டும்."

"போகட்டுமோ? நாளைக்கு நான் எடுத்தனெண்டு கதை வரும்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று அவர்களுடைய குப்பைக் கூடையைக் கிளறச் சொல்லிச் சண்டை பிடித்தார். கடைசியில் ரயில் வேலிக் கம்பியில் குத்துப்பட்டு ஆடிக்கொண்டிருந்தது எண்பத்தெட்டு. கொண்டு வந்து கொடுத்து, சரியாக எண்ணி வாங்கிக்கொள் என்றார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாகேந்திரம் கட்டுரையைக் கொடுத்துவிட்டு வந்தான். கனகேஸ்வரி புருஷனோடு கதைப்பதை நிறுத்தி மூன்றாவது நாள். சோற்றுக் கோப்பை மட்டும் முன்னால் வந்து விழுந்தது. நாகேந்திரம் பெட்டி கட்டுவான் என்று முத்துலிங்கம் எதிர்பார்த்தார். அவன் பையிலிருந்து ஒரு புதுக் கொளுக்கியையும் ஒரு ஆமைப்பூட்டையும் எடுத்தான். கொளுக்கியைத் தானே ஜன்னலில் அடித்தான். தகரத்துக்கு வளையம் வைத்துப் பூட்டினான். பிறகு சுவரில் நவரத்தினத்தின் கடிதத்துக்கு அடியில் பேனாவால் ஏதோ எழுதினான்.

அவன் குளிக்கப் போன நேரம் முத்துலிங்கம் போய்க் கூட்டி வாசித்தார். 'துண்டுகளுக்கு இலக்கம் போடு. வீட்டுக்காரர் போட முதல் நீ போடு.'

பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை அவன் அரைஞாணில் கட்டிக்கொண்டான். மற்றதைக் குசினிச் சுவரில் ஆணியில் மாட்டி, "கிடக்கட்டும் அம்மா, என்ரை துலைஞ்சாலும்" என்றான்.

முத்துலிங்கம் அந்தச் சாவியைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பூட்டுப் போடுகிறவன் சாவியை ஏன் வெளியே மாட்டுகிறான்? தகரத்திலிருந்து எதையோ எடுத்துவிட்டான் போல. அல்லது, ஆர் தொடுகிறார்கள் என்று பார்க்க வைத்திருக்கிறான். அவர் தொடவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து, சாவி எவ்வளவு சாய்ந்து தொங்குகிறதோ அந்தச் சாய்வுக்குச் சுவரில் மெல்லியதாக ஒரு கோடு போட்டு வைத்தார்.