ஐ டவுட் வெரி மச்

பிக்குன் நெற்றிவரை கைகூப்பி இடுப்பை வளைத்துக் கும்பிட்டபோது, இவள் நம்மைக் குத்திக்காட்டுகிறாள் என்றுதான் லம்துவானுக்கு முதலில் தோன்றியது. துணி அறையில் வேறு யாரும் இல்லை. சலவையிலிருந்து வந்த துண்டுகள் இன்னும் சூடு ஆறாமல் மேசைமேல் குவிந்து கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு பிக்குன் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தாள். உள்ளே சுட்ட கோழி, மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு, தனிப் பொட்டலத்தில் மிளகாய்ச் சாந்து. கடையில் வாங்கியது இப்படி இருக்காது. விடியுமுன் எழுந்து தானே கரிமூட்டிச் சுட்டிருக்கிறாள்.

"சாப்பிடுங்கக்கா. சூடு இருக்கும்போதே."

"எதுக்கு இதெல்லாம்?"

"எதுக்குன்னா கேக்குறீங்க? பேப்பர்ல நீங்க எழுதுனதை தீரத் சார் நேத்து சாயங்காலம் படிச்சுச் சொன்னாரு. செத்தாலும் மறக்க மாட்டேங்க்கா." கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

லம்துவான் அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் காகிதத்தில் அவள் எழுதியது பிக்குனை வீட்டுக்கு அனுப்புவதற்காக. நீ எழுதியதைச் செத்தாலும் மறக்க மாட்டேன் என்று ஒருத்தி கோழியோடு வந்து நின்றால், கோழியில் என்ன கலந்திருக்கிறது என்றுதான் யாருக்கும் யோசனை போகும். ஆனால் வாசனை நன்றாக இருந்தது. பசி வேறு. ஒரு தொடையை மட்டும் பிய்த்துத் தின்றாள்.

தாய்லாந்தின் ஹுவாஹின் கடற்கரையில் இருக்கும் அந்த விடுதியில் லம்துவான் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். இரண்டாம் மாடியின் பதினெட்டு அறைகளும் அவள் பொறுப்பு. அவளுக்குக் கீழே நான்கு பெண்கள். பிக்குன் அதில் புதிது, வடகிழக்கிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வேலையில் குறை சொல்ல முடியாது. சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள், அழுகிய மீன் சாற்றை ஊற்றிப் பப்பாளிக்காயை இடித்து வைத்துக்கொண்டு ஊரையே கூப்பிடுவாள். அதற்காக ஒருத்தியை வெறுக்க முடியுமா என்றால் முடியாது. கொஞ்சம் பிடிக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை இருநூற்றுப் பதினாலில் தங்கியிருந்த டென்மார்க் அம்மாளின் முத்துத் தோடு காணாமல் போனது. குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு நீந்தப் போனாளாம். அன்று காலை அந்த அறையைச் சுத்தம் செய்தவள் பிக்குன். வேலை முடிந்தது என்று அட்டையில் குறி போட்ட பிறகு அவள் திரும்பவும் உள்ளே போனதை லம்துவான் தன் கண்ணால் பார்த்தாள். வேலை செய்யும்போது வண்டியைக் குறுக்கே நிறுத்திக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த முறை கதவு சாத்தியிருந்தது. பத்து நிமிடம் கழித்து வியர்த்துக்கொண்டு வெளியே வந்து, "துண்டு வைக்க மறந்துட்டேங்க்கா" என்றாள். அந்த அறைக்குத் துண்டு வைத்தவளே லம்துவான்தான்.

அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் ஒருத்தியை முகத்துக்கு நேராகப் பார்த்து நீ எடுத்தாயா என்று கேட்பது லம்துவானின் வளர்ப்பிலேயே கிடையாது. கேட்கிறவளுக்கும் அவமானம், கேட்கப்படுகிறவளுக்கும் அவமானம். காகிதத்துக்கு முகம் இல்லை, அதனால் சௌகரியம்.

திங்கட்கிழமை காகிதம் வந்தது. மேலாளரான பரங்கிக்காரர், வெளிநாட்டு இன்சூரன்ஸ்காரர்களுக்கு அனுப்ப வேண்டும், மேற்பார்வை செய்கிறவர்கள் நடந்ததை ஆங்கிலத்தில் தங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார். லம்துவான் ஆறு மாதமாக விடுதி நடத்தும் ஆங்கில வகுப்புக்குப் போகிறவள். வகுப்பிலேயே வயதில் மூத்தவள், வீட்டுப்பாடம் தவறாமல் செய்கிறவள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. போனில் சந்தேகம் என்று தாய்லாந்து மொழியில் தட்டினாள். நாலைந்து ஆங்கில வார்த்தைகள் வரிசையாக வந்தன. முதலில் நிற்பதுதானே நல்லதாக இருக்கும் என்று முதல் வார்த்தையை எடுத்துக்கொண்டாள். டவுட். நடுவில் ஓர் எழுத்து உச்சரிப்பே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் வார்த்தை. பார்க்கவே படித்தவர்கள் எழுதுவதுபோல இருந்தது.

ஐ டவுட் பிக்குன் டேக் இயரிங் என்று எழுதினாள். படித்துப் பார்த்தால் போதாத மாதிரி இருந்தது. கண்ணால் கண்டவள் இவ்வளவு சன்னமாகவா சொல்வாள்? அதனால் கீழே இன்னொரு வரி சேர்த்தாள். ஐ டவுட் வெரி மச்.

அதற்குத்தான் இன்றைக்குக் கோழி வந்திருக்கிறது.

ஒரு மணிக்கு ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. மழைக்காலம், விடுதியில் பாதி அறைகள் காலி. அதனால் தோட்டக்காரர் தோங்பாய் முதற்கொண்டு எல்லோரும் வந்திருந்தார்கள். பிக்குன் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருகிறவள், இன்று லம்துவானை ஒட்டி வந்து உட்கார்ந்தாள். பாடம் சொல்லித்தரும் நிச்சாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். பள்ளிக்கூடத்து மதிய இடைவேளையில் ஸ்கூட்டரில் வருகிறவள்.

லம்துவான் கையைத் தூக்கினாள். "டீச்சர், டவுட்னா சந்தேகம்தானே?"

"ஆமாக்கா." நிச்சா பலகையில் எழுதினாள். பிறகு சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே சிரித்தாள். "இதுல நம்ம ஆளுங்க எல்லாரும் விழுவாங்க. நானும் காலேஜ்ல விழுந்திருக்கேன். நமக்குச் சந்தேகம் ஒண்ணுதான். அவங்களுக்கு ரெண்டு இருக்கு. டவுட்டுன்னு ஒண்ணு, சஸ்பெக்ட்டுன்னு ஒண்ணு. மழை வரும்னு டவுட்டுன்னா, வராதுன்னு நெனைக்கிறேன்னு அர்த்தம். மழை வரும்னு சஸ்பெக்ட்டுன்னா, வரும்னு நெனைக்கிறேன்னு அர்த்தம். ஒண்ணு இல்லைங்கற பக்கம் சாயும். இன்னொண்ணு ஆமாங்கற பக்கம்."

"அடப்பாவிகளா," என்றார் தோங்பாய். "வர்ற மழைக்கு ஒரு சந்தேகம், வராத மழைக்கு ஒரு சந்தேகமா? ஊர்ல பெய்யுறது ஒரே மழைதானேம்மா!"

கூடம் சிரித்தது. லம்துவானும் வாயை மட்டும் விரித்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆவது உலக வழக்கம், இங்கே குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆகிவிட்டது. பிக்குன் திருடவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதையும் சும்மா எழுதவில்லை, வெரி மச் போட்டு எழுதியிருக்கிறாள்.

"அப்ப ஐ டவுட் வெரி மச்னு சொன்னா?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அடிச்சுச் சொல்றீங்கன்னு அர்த்தம். நிச்சயமா இருக்காதுன்னு."

பக்கத்தில் பிக்குனின் பென்சில் நின்றது. லம்துவான் திரும்பவில்லை. திரும்பாமலே அவள் தன் முகத்தைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள் என்பதும் தெரிந்தது.

"டீச்சர், ரெண்டு பக்கமும் சாயாம நடுவுல நிக்கறதுக்கு ஒரு வார்த்தை இல்லையா?" என்று கேட்டாள் லம்துவான்.

"இருக்குக்கா. அது அடுத்த வகுப்புல."

வகுப்பு முடிந்ததும் லம்துவானும் பிக்குனும் ஊழியர் மாடிப்படியில் ஏறினார்கள். இருநூற்றுப் பதினாலைச் சாயங்காலத்துக்குள் தயார் செய்ய வேண்டும், டென்மார்க்காரர்கள் நேற்றே போய்விட்டார்கள், புது ஆட்கள் வருகிறார்கள். முதல் திருப்பத்தில் பிக்குன் நின்றாள்.

"அக்கா, எழுதும்போது உங்களுக்கு அர்த்தம் தெரியுமா?"

லம்துவான் கைப்பிடிக் கம்பியைத் துடைத்தாள். அதில் தூசி இல்லை. "தெரியாது."

"ஓ." பிக்குன் இரண்டு படி ஏறினாள். "கோழி நல்லாருந்துச்சா?"

லம்துவானுக்கு வெட்கத்தில் காது சுட்டது. பதினான்கு வருடத்தில் எத்தனையோ பேரை அவள் திட்டியிருக்கிறாள், ஒருத்தியும் இப்படி ஒரு வரியில் அவளை உட்கார வைத்ததில்லை. அந்தக் கோபத்தில்தான் கேட்டாள், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை.

"ரெண்டாவது தடவை எதுக்குடீ உள்ள போன? துண்டு நான்தான் வச்சேன்."

"கேக்குறதுக்கு அஞ்சு நாளாச்சாக்கா உங்களுக்கு?" பிக்குன் சுவரில் சாய்ந்துகொண்டாள். "கக்கூசுக்குப் போனேன். முந்துன நாள் பப்பாளிக்காயில போட்ட நண்டு கெட்டுப்போயிருந்துச்சு. வயித்தை அப்பிடிக் கலக்குது. நம்ம கக்கூஸ் எங்க இருக்கு? ஜெனரேட்டருக்குப் பின்னாடி. அதுவரைக்கும் ஓடுனா வழியெல்லாம் கோலம்தான். அதான் கதவைச் சாத்திட்டு அங்கயே உக்காந்துட்டேன். அப்புறம் தேய்தேய்னு தேய்ச்சு, செண்ட் அடிச்சுட்டு வந்தேன்."

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"விருந்தாளி கக்கூஸ்ல உக்காந்தா வேலை போயிரும்னு நீங்கதான முதல் நாளே சொன்னீங்க? எடுத்தேன்னாலும் போகும், இருந்தேன்னாலும் போகும். எதைச் சொல்றது? நீங்களே உங்க இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க."

லம்துவானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இது உண்மையாக இருக்கலாம். வியர்த்ததும் சரி, கதவைச் சாத்தியதும் சரி, எல்லாம் பொருந்துகிறது. ஐந்து நாள் உட்கார்ந்து யோசித்தால் இதே அளவுக்குப் பொருந்துகிற பொய்யையும் ஒருத்தி செய்துவிடலாம். பிக்குனின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். களைத்த முகம், மூக்கின் மேல் வியர்வை. அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மேல் வராந்தாவில் தீரத் காத்துக்கொண்டிருந்தான். துணை மேலாளர். மாடியின் மேற்பார்வையாளரை அக்கா என்று கூப்பிடும் அளவுக்கு மரியாதை தெரிந்த பையன், ஆங்கிலமும் நன்றாக வரும். கையில் தட்டச்சு செய்த தாள்.

"லம்துவான் அக்கா, ஒரு கையெழுத்து. நீங்க எழுதுனதுல இலக்கணம் மட்டும் திருத்தியிருக்கேன். அர்த்தத்தைத் தொடலை." அவன் அவளைப் பார்க்காமல் தாளையே பார்த்தான். "மத்த ரெண்டு சூப்பர்வைசருங்களும் பிக்குனைத்தான் சொன்னாங்க. மேனேஜர் அவளை வேலையை விட்டு அனுப்பிடலாம்னுதான் இருந்தாரு. உங்க பேச்சை வச்சுத்தான் நிறுத்தினாரு. அர்த்தம் சரிதானேக்கா?"

பிக்குன் வண்டியில் சோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே சோப்பை எடுத்து எடுத்து வைத்தாள்.

லம்துவான் தாளை வாங்கினாள். வார்த்தை தப்பு என்று சொன்னால் சாயங்காலம் பிக்குன் தன் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நிற்பாள். சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்குத் தோடு அவளுடைய அறையில் அகப்பட்டால், தன் பதினான்கு வருடமும் அவளோடு சேர்ந்து தெருவுக்கு வரும். இதற்கு நடுவில் நிற்க அந்தத் தாளில் இடம் இல்லை. நடுவில் நிற்கிற வார்த்தை இன்னும் அவள் படிக்காத வார்த்தை.

"சரிதான்," என்றாள்.

எப்போதும் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட ஆசைப்படுகிறவள், இன்று தாய்லாந்து எழுத்தில் போட்டாள், நிதானமாக, கடைசிச் சுழி வரை. தீரத் தாளை வாங்கிக்கொண்டு, தேவைக்குமேல் குனிந்து கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

பிக்குன் வண்டியைத் தள்ளினாள். இருநூற்றுப் பதினாலுக்கு முன்னால் நிறுத்தினாள். காலி அறை என்று தெரிந்தும் மூன்று முறை தட்டினாள். கதவை அகலத் திறந்து வண்டியைக் குறுக்கே விட்டாள். உள்ளே போகவில்லை.

"நீங்க இங்கயே நில்லுங்கக்கா."

"எனக்கு அந்தக் கடைசியில வேலை இருக்குடீ. நீ போ."

"இல்ல. நில்லுங்க."

நன்றியும் இல்லை, கோபமும் இல்லை அந்தக் குரலில். காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனவளின் குரலாகவே அது இல்லை. லம்துவான் வாசலில் நின்றாள். நன்றாகச் செய்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் முன்னால் நெஞ்சில் எழுந்த நிறைவு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

பிக்குன் சீருடையின் முன்பக்கம் இருந்த இரண்டு பைகளுக்குள்ளும் கைவிட்டாள். ஒரு பேனா, இரண்டு ரப்பர் வளையம், ஒரு மிட்டாய்க் காகிதம். எல்லாவற்றையும் வண்டியின் மேல்தட்டில் வரிசையாக வைத்தாள். பிறகு இரண்டு பைகளையும் வெளியே இழுத்து உள்புறம் தெரியத் திருப்பிவிட்டாள். நீலச் சீருடையின் இரு பக்கமும் வெள்ளைத் துணி நாக்குகள் தொங்கின.

அப்படியே உள்ளே போனாள். விரிப்பை உருவினாள், தலையணையைத் தட்டினாள், குனிந்து கட்டிலுக்கடியில் பெருக்கினாள். குளியலறைக் கண்ணாடியைத் துடைக்க எக்கியபோது அந்த இரண்டு பைகளும் அவளோடு ஆடின. வேலை முடிந்து வெளியே வந்து, பேனாவை எடுத்து அட்டையில் குறி போட்டாள். பைகளை உள்ளே தள்ளவில்லை. அடுத்த அறைக் கதவைத் தட்டிவிட்டு, லம்துவான் வந்து நிற்பதற்காகக் காத்திருந்தாள்.