கழுத்தில் நான்கு விரல்கள்

கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமரா என்று ஒன்று இருப்பதையே, திண்டிவனத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்த பத்மராஜால் முதலில் நம்ப முடியவில்லை. விழுப்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த சவுரிராயன், தன் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். அந்தப் பாதியில் ஒரு கார் வாங்கிவிடலாம்.

"ரெண்டு நாள் வெச்சிக்கினு எடுத்துப் பாருங்க. சரிப்படலன்னா குடுத்துடுங்க" என்றார் சவுரிராயன்.

வீடு திரும்பும் வழியில் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்கு வண்டியைத் திருப்பினான் பத்மராஜ். குகைத் தூண்களில் உளி இறங்கிய ஒவ்வொரு கோடும் படத்தில் எழும்பி நின்றது. வாங்கிவிடலாம் என்று பாதி மனசு வந்துவிட்டது. மனித முகம் எப்படி வருகிறதென்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

வீட்டில், செஞ்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த தங்கை சாந்தினி ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள்தான் வந்திருந்தாள். தன் பழைய கலர் கேமராவில் அவளை இரண்டு படம் எடுத்தான். பிறகு புதியதில், பிலிம் காலத்து நீல ஃபில்டரை மாட்டி நாலு படம்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது அவள் கழுத்தில் கறை தெரிந்தது. லென்ஸில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். அதே இடத்தில் அதே கறை. குகைப் படங்களில் அப்படி எதுவும் இல்லை. கலர் படத்திலும் கழுத்து சுத்தமாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கினான். வரிசையாக நான்கு விரல்கள். எதிர்ப்பக்கம் ஒரு கட்டைவிரல்.

எழுந்து போய் அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"கழுத்துல என்னம்மா?"

சாந்தினி சட்டென்று முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"கன்னிப்போனது மஞ்சளாயிடுச்சி, இனிமே யார் கண்ணுக்கும் தெரியாதுன்னுதாண்ணா கெளம்பி வந்தேன்."

நீல ஃபில்டர் மஞ்சளைக் கறுப்பாக்கிக் காட்டும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் புருஷன் ஜினேந்திரன் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டான் பத்மராஜ். கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து என்றாள். அது நான்கு வருஷம். அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்தவன் அவன்தான். ஒவ்வொரு முறை அவள் வந்தபோதும் படம் எடுத்து, முகம் தெளிவாயிருக்கிறது என்று சொல்லி அனுப்பியவனும் அவன்தான். எழுந்து, மனைவி ஞானமதியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினான்.

மறுநாள் விழுப்புரத்தில் கேமராவைத் திருப்பிக் கொடுத்தான். என்ன குறை என்று கேட்டார் சவுரிராயன்.

"கொறையே இல்லீங்க. எடுத்தா எல்லாத்தையும் காட்டிடுது, அதான்."

வெளியே ஞானமதியும் சாந்தினியும் காத்திருந்தார்கள். பிரிண்ட் போட்ட படம் ஞானமதியின் பையில் இருந்தது. வக்கீல் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு மூவரும் நடந்தார்கள். சாந்தினி அதன்பிறகு செஞ்சிப் பக்கம் போகவில்லை.