ஆறாம் அறையில் ஒரே பூட்டு

அந்த விண்கப்பலில் கேப்டன் பேச்சைக்கூடச் சிலசமயம் தட்டுவார்கள், பூட்டுச் சட்டத்தை மட்டும் தட்டமாட்டார்கள். சரக்கறைக்குள் வேலைக்குப் போகிறவர் தன் சொந்தப் பூட்டை அந்த அறையின் வாசலில் உள்ள கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கைப்பிடியை இழுத்தால் வெளிக்கதவு திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் காற்று, புகை, மனிதன் எல்லாம் ஒரே மூச்சில் விண்வெளிக்குப் போய்ச் சேரும். ஒரு பூட்டு தொங்கினாலும் கைப்பிடி அசையாது. மூன்று பேர் உள்ளே போனால் மூன்று பூட்டு.

இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பவள் கப்பலின் மெக்கானிக். அவள் வீட்டுக்காரர் அதே கப்பலில் வெல்டர். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்பவளால் அந்த மனிதரை மட்டும் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. அன்று காலையும் ஆறாம் அறைக் குழாயைப் பற்றவைக்கப் போகும்போது, அவள் பூட்டை மாட்டிய பிறகு அவர் கையை வீசிக்கொண்டு உள்ளே போனார்.

"உங்க பூட்டு எங்கே?"

"ஒரு வீட்டுக்கு ஒரு பூட்டு போதாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததுதான் தப்பு. பத்து வருடம் அந்தத் தப்பைச் செய்தும் ஒன்றும் ஆகாததால் அது தப்பாகவே தெரியவில்லை.

குழாய் வாய்க்கு ரப்பர் வளையம் எடுக்க அவள் வெளியே வந்தாள். ஸ்டோர் அறையில் கை வைப்பதற்குள் அபாய மணி அலறியது. ஓடி வந்து பார்த்தால் ஆறாம் அறையின் கதவு தானாக இறங்கியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்புப் புகை. உள்ளே பேசும் கருவியில் கரகரப்பைத் தவிர ஒன்றுமில்லை.

கேப்டன் ஏற்கெனவே வந்திருந்தார். கூடவே கம்பெனியின் மேற்பார்வையாளர், கையில் பூட்டு வெட்டும் பெரிய கட்டரோடு. அடுத்த அறையில் கம்பெனியின் மருந்துக் குப்பிகள் இருந்தன. சூடு ஏறினால் வீணாகிவிடும்.

"பத்து நிமிஷத்துல அறையைக் காலி பண்ணணும்னு விதி," என்றார் மேற்பார்வையாளர். "ஒரே பூட்டுதான் தொங்குது. பூட்டுக்காரி வெளியே நிக்கிறாங்க. வெட்டிட்டு இழுக்கலாம்."

"என் வீட்டுக்காரர் உள்ளே இருக்காரு சார்!"

"அவர் பூட்டு எங்கேம்மா?"

கேட்டது நியாயமான கேள்விதான். மனிதன் உள்ளே இருப்பது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும் என்பது அவர் அவளை நேராகப் பார்க்காததிலேயே தெரிந்தது.

"விதி அப்படித்தான் இருக்கு, தங்கச்சி," என்றார் கேப்டன் மென்று விழுங்கி. "பூட்டுக்காரர் வெளியே நிக்கிறதை நான் கண்ணால பார்த்தா வெட்டலாம்னு இருக்கு."

"நடுச்சுவர் நாற்பது நிமிஷம் தாங்கும் கேப்டன். அதைப் போட்டவ நான்."

"உங்க கணக்கு வேற, கம்பெனி கணக்கு வேற," என்று மேற்பார்வையாளர் கட்டரை விரித்தார்.

அவள் அதற்குமேல் வாதாடவில்லை. சுவரில் இருந்த இரண்டு முகமூடிகளில் ஒன்றை மாட்டி, மற்றதைத் தோளில் போட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். கதவின் கைச்சக்கரத்தை முழு பலத்தோடு சுற்றினாள். ஒரு முழம் மேலே ஏறியதும் புகை காலைச் சுற்றிக்கொண்டது.

"என்னம்மா பண்றீங்க?"

"கேப்டன், நல்லா பார்த்துக்குங்க. பூட்டு என்னோடது. சாவி என் பையில. நான் உள்ளே போறேன். இனி அதை வெட்டுறவன் கொலைகாரன், எந்த விதியும் காப்பாத்தாது. எனக்குப் பின்னாடி கதவை இறக்குங்க."

சொல்லிவிட்டுப் படுத்து உள்ளே உருண்டாள். கடைசியாக அவள் கண்ணில் பட்டது, கேப்டனின் கை கட்டரைப் பற்றியது. அவர் அதைப் பிடுங்குகிறாரா, வாங்குகிறாரா என்று பார்க்க நேரமில்லை.

உள்ளே கண் தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவிப் போனாள். பெயரைச் சொல்லிக் கத்தினாள், வாயில் வந்தபடி திட்டினாள், அழுதாள். ஒவ்வொரு நொடியும் வெளிக்கதவு திறந்துகொள்ளும் என்று உடம்பு கூசியது. இரும்பில் சுத்தியல் தட்டும் ஓசை கேட்டது. மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு.

சரிந்து விழுந்த இரும்பு அடுக்கின் கீழே அவர் கால் மாட்டியிருந்தது. வெல்டரின் காற்று முகமூடி மட்டும் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அதிலும் காற்று தீர்ந்துகொண்டிருந்தது.

"ஏய், உனக்குப் பைத்தியமா? எதுக்கு வந்தே?"

"வாயை மூடிட்டு இந்த முகமூடியை மாட்டுங்க."

கடப்பாரையை அடுக்கின் கீழே செருகித் தோளைக் கொடுத்தாள். முதல் தடவை அசையவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை தோளில் ஏதோ பிசகியது, அடுக்கும் விரலளவு எழுந்தது. அவர் அலறிக்கொண்டே காலை உருவினார். இழுத்துக்கொண்டு கதவுக்கு வந்து கடப்பாரையால் அடித்தாள்.

கதவு ஏறியது. பூட்டு அப்படியே தொங்கியது. கேப்டன் கட்டரின் மேல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரரைத் தரையில் கிடத்திவிட்டு, அவள் தன் பூட்டைத் திறந்து எடுத்தாள்.

"இப்ப இழுங்க சார். எவ்வளவு வேணுமோ இழுங்க."

மேற்பார்வையாளர் இழுத்தார். அறை ஒரே உறுமலில் காலியானது. மருந்துக் குப்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் மேசையில் திறந்து கிடந்த பதிவேடு அவள் கண்ணில் பட்டது. அவள் கேப்டனோடு வாதாடிக்கொண்டிருந்தபோதே மேற்பார்வையாளர் எழுதி முடித்திருந்தார்: 'ஆறாம் அறையில் ஆள் இல்லை. அறை காலி செய்யப்பட்டது.'

அவள் பேனாவை எடுத்தாள்.

"அதுல கை வைக்காதீங்க," என்றார் அவர். "வச்சீங்கன்னா இனி எந்தக் கப்பல்லயும் உங்களுக்கு வேலை கிடையாது. ரெண்டு பேருக்கும்தான்."

"நீங்க எழுதினதை அடிக்க மாட்டேன் சார். அது அப்படியே இருக்கட்டும். எல்லாரும் படிக்கணும்."

அதன் கீழே எழுதினாள்: 'அப்போது அறையில் வெல்டர் இருந்தார். பூட்டு மாட்டாதது அவர் தவறு, மாட்டவைக்காதது என் தவறு. ஆள் உயிரோடு இருக்கிறார்.' கையெழுத்துப் போட்டாள். கேப்டன் பேனாவை வாங்கித் தன் கையெழுத்தையும் போட்டார்.

தரையில் கிடந்தவர் இருமலுக்கு நடுவே தலையைத் தூக்கினார். "நேரத்தையும் போடு."

மேற்பார்வையாளரின் வரிக்கு எதிரே பதினொன்று பத்து என்று இருந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பதினொன்று முப்பத்தொன்று என்று எழுதினாள்.