மடிப்பு மேசையின் நாற்காலி

எங்கள் சலவைக்கூடத்தில் மடிப்பு மேசைக்கு ஒரே ஒரு நாற்காலி. ஐந்து பெண்கள் நின்றபடி ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிப்போம். ஆறாவது ஆள் உட்கார்ந்து கிழிசல் பார்ப்பாள். அந்த ஆறாவது ஆள் யார் என்பதற்கு எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. மாதவிலக்கு வந்தவள் காலையில் வந்ததும் தன் தொப்பியை நாற்காலியின் முதுகில் மாட்டிவிடுவாள். யாரும் கேட்க மாட்டார்கள். ஆள் மாறிக்கொண்டே இருப்பதை மேலாளர் வேலை கற்றுக்கொள்ளும் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலியில் நான் மாதத்துக்குப் பத்து நாள் உட்கார்ந்தேன். சில மாதம் பன்னிரண்டு.

காரணம், இளையவன் பிறந்தபின் கருத்தடைக்காக வைத்துக்கொண்ட காப்பர்-டி. முன்பே எனக்கு ரத்தப்போக்கு அதிகம். அதன்பின் திறந்துவிட்ட குழாய். இரவு ஷிப்டில் ஈர விரிப்பு வண்டியைத் தள்ளும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தேன். மூன்றாவது முறைக்குக் காத்திருக்காமல் இரவு வேலையை விட்டுவிட்டுப் பகலுக்கு வந்தேன். பகலிலும் அதே உடம்புதான் கூட வந்தது.

"ரத்தம் எட்டுதான் இருக்கு. நீங்க இரும்பு மாத்திரை முழுங்கறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதை," என்றாள் கிளினிக் நர்ஸ். "காப்பர்-டி மாதிரியே உள்ள வைக்கிற ஹார்மோன் காயில்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு மாறிடுங்க. கருத்தடையும் ஆச்சு, போக்கும் குறையும். சிலருக்கு மாதவிலக்கே நின்னுடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நின்றுவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? இளையவன் நான் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உண்டானவன். 'தூங்கப் போகும்போது ஒன்று' என்றார்கள். அப்படியே செய்தேன். ஷிப்ட் மாறும் நாள்களில் சில சமயம் ஒரே நாளில் இரண்டு முறை தூங்குவேன், சில சமயம் ஒன்றரை நாள் தூங்கவே மாட்டேன். என் கணக்கில் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை சரியாகத்தான் போனது. கடிகாரக் கணக்கில்தான் ஓட்டை. மாதவிலக்கு வரவில்லை, அப்போதுதான் தெரிந்தது. இளையவன் என் உயிர்தான். ஆனால் இன்னொரு உயிரைச் சுமக்க இந்த உடம்பில் இடமில்லை. மாதாமாதம் ரத்தத்தைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அது என்னைக் கொன்றாலும் அதுதான் என் சாட்சி.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். பின்னால் பார்க்கும் கண்ணாடி இல்லாமல் எதையும் தீர்மானிக்க மாட்டார்.

"இதுல நான் என்னம்மா சொல்றது? உன் உடம்பு. மாத்தறேன்னா லீவு போட்டுட்டுக் கூட வர்றேன். மாத்தலைன்னா பேரீச்சம்பழம் வாங்கிட்டு வர்றேன்."

அவருக்கு அது நீண்ட பேச்சு.

மறுவாரம் ஒரு மதியம். என் தொப்பி நாற்காலியின் முதுகில், நான் நாற்காலியில். எதிரே நின்று மடித்துக்கொண்டிருந்த, மூக்குக்கண்ணாடி போட்டதால் நாங்கள் கண்ணாடிக்காரி என்று கூப்பிடுகிறவள் விரிப்பின் நுனியை விட்டுவிட்டு மேசையைப் பிடித்தாள். முகம் விரிப்பை விட வெளுத்திருந்தது. கழிப்பறைக்குப் போனவள் வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து வலி மாத்திரையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவது நாள்?"

"ரெண்டு."

"தொப்பிய மாட்டலையே நீ?"

"எங்க மாட்டறது? உன் தொப்பி குடியிருக்கே."

"எத்தனை மாசமாடி இப்படி?"

"நீ பகலுக்கு வந்ததுல இருந்து. பன்னெண்டு நாள் நீயே உட்காந்தா எவ தேதிதான் மோதாது? போன மாசம் இஸ்திரி அக்காவும் நின்னாங்க."

"வாய்ல கொழுக்கட்டையா? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நீ எந்திரிப்ப. எந்திரிச்சா விழுவ. உன்னை விரிப்பு மாதிரி நாலா மடிச்சு அடுக்கவா முடியும்?"

எனக்கு அழுகை வராது. கோபம்தான் வந்தது, என் மேல். ஆறு மாதமாக நான் மற்றவர்களின் இடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று வேலை முடிந்து நேராகக் கிளினிக்குக்குப் போனேன். ஓடிப்போனதற்கான காரணத்தை நர்ஸிடம் அப்படியே சொன்னேன், தூக்கக் கணக்கு உட்பட. அவள் சிரிக்கவில்லை.

"நிக்கிறதுன்னா உள்ளயே தேங்குதுன்னு அர்த்தமில்ல. கருப்பையோட உள்படலம் மெலிசாயிடும். வெளியேற அதிகமா ஒண்ணும் இருக்காது. அப்புறம், இதுக்கு மணி பார்க்க வேணாம். நீங்க தூங்கினாலும் முழிச்சாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்."

"தப்பவே தப்பாதா?"

"நூத்துக்கு நூறுன்னு நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனா உங்க மாத்திரையை விட ரொம்ப உசத்தி. சந்தேகமா இருந்தா சோதனைக் குச்சி வாங்கிப் பாருங்க. முதல் ஆறு மாசம் சொட்டுச் சொட்டா பட்டுக்கிட்டே இருக்கலாம், அதுக்குப் பயந்து ஓடாதீங்க. கடுமையா வலிச்சாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் ஓடி வாங்க."

மணி பார்க்க வேண்டாம் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இத்தனை வருடத்தில் யாராவது இதை முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னவள் இவள்தான். அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பத்து நாள் கழித்துப் பழையதை எடுத்து, அதே மூச்சில் புதியதை வைத்தார்கள். வலித்தது. பல்லைக் கடித்தேன், நர்ஸின் விரலையும் நசுக்கினேன். வெளியே வந்தால் வீட்டுக்காரர் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு நிற்கிறார்.

"மாத்தலைன்னாதானே பழம்?"

"வழியில கடை இருந்துச்சு."

நான்கு மாதம் சொட்டிக்கொண்டே இருந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஐந்தாம் மாதம் ஒன்றுமே இல்லை. பழைய பயம் திரும்பி வந்தது. குச்சி வாங்கிக் காலையில் பார்த்தேன். ஒரே கோடு, கரு இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ரத்தம் பத்தரைக்கு ஏறியிருந்தது.

நன்றி என்ற சொல் என் வாயில் வராது. கழித்துப்போட்ட விரிப்புத் துண்டுகளை வைத்து ஒரு மெத்தை தைத்திருந்தேன். அதை நாற்காலியில் போட்டேன். கண்ணாடிக்காரி தொப்பியை மாட்டி உட்கார்ந்தாள்.

"என்ன, குடியிருந்தவ காலி பண்ணிட்டாளா?" என்றாள் இஸ்திரி அக்கா.

"பண்ணியாச்சுக்கா."

கண்ணாடிக்காரி இடுப்பை நெளித்தாள். "யாருடி இதைத் தைச்சது? கல்லு மாதிரி இருக்கு."

"பிடிக்கலைன்னா எந்திரி."

"மாட்டேன்," என்றாள். நான் அவள் பங்கு விரிப்புகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.