தொமோயேக்கு ஒரு பலகை, ஆறு மணிக்குள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. அது எழுதப்பட்டபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் மட்டும் நான்.

இன்று மார்ச் முப்பத்தொன்று. ஜப்பானின் ஈயாமா ஊரில், நான் வேலை பார்க்கும் மொமொசேயின் பனிச்சறுக்குக் கடையில், விளிம்பு தீட்டும் மேசையில் உட்கார்ந்து, பழைய ஆர்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி இரண்டு பத்து. சரியாக ஆறு மணிக்கு முதலாளி மொமொசே அடுத்த பருவத்துக்கான ஸ்னோபோர்டு, அதாவது பனிச்சறுக்குப் பலகை, ஆர்டர்களை ஃபேக்ஸில் அனுப்புவார். அதோடு சரி. பலகை செய்கிறவர்கள் ஆர்டரை எண்ணிவைத்துத்தான் செய்வார்கள், நவம்பரில் பெட்டி வரும், மாற்றித் தரமாட்டார்கள். அந்த ஆர்டர் தாள்களில் ஏழாவது கரசாவா தொமோயேயுடையது. அதில் ஓர் எண் தவறு. தவறென்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர், அவளும் நானும்.

ஒரு போன் போட்டால் முடிகிற காரியம். நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பனி பெய்துகொண்டிருந்தது." (பொய். மார்ச் கடைசியில் இங்கே பெய்வது மழை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "கரசாவா தொமோயேக்கு நாற்பத்தெட்டு வயது, நீண்ட —" (நீண்ட என்ன? முதல் வரியிலேயே அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்.)

மூன்றாவது: "காளான் பண்ணையில் தட்டு தூக்கும் ஒருத்தி, நான்கு முறை தோற்ற ஒரு தேர்வை —"

இதுவே போதும். தொமோயே ஒரு காளான் பண்ணையில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு முந்நூறு தட்டு தோளுயரம் தூக்கி அடுக்கவேண்டும். மீதி உயிரெல்லாம் ஸ்னோபோர்டில். பனிச்சறுக்குச் சங்கம் நடத்தும் முதல்தரச் சான்றுக்கான தேர்வில் நான்கு முறை தோற்றிருக்கிறாள். ஐந்தாவது முறை வருகிற ஜனவரியில். அதற்காகத்தான் புதுப் பலகை.

3

கொஞ்சம் பாடம் நடத்தவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில், இயந்திரம் சீவிச் சமன்படுத்திய சரிவில் வளைவு கீறுவது மட்டுமே தொமோயேக்குப் பிடிக்கும். புதுப்பனியில் மிதப்பது, மேட்டில் குதிப்பது எதுவும் வேண்டாம். பலகையை விளிம்பில் நிறுத்தி, இடுப்பு தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, பின்னால் ஒற்றைக் கோடு விட்டுப் போகவேண்டும். அதற்கென்றே விறைப்பான, நீளமான, மூக்கைச் சதுரமாக வெட்டிய பலகைகள் இருக்கின்றன. நடுப்பகுதி ஒல்லியாக இருந்தால் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குச் சட்டென்று மாறலாம். ஆனால் கால் பலகைக்குக் குறுக்காக நிற்பதால், பூட்ஸ் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், நன்றாகச் சாயும்போது நுனி பனியில் இடிக்கும். இடித்தால் விளிம்பு பனியை விட்டுவிடும், ஆள் தூக்கியெறியப்படுவாள். ஆகவே பலகை வாங்க வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது திறமையை அல்ல, கால் அளவை.*

(* இந்த ஊர்க் கடைகளில் பெண்கள் செருப்பு பெரும்பாலும் இருபத்தைந்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆண்கள் வரிசைக்குப் போகவேண்டும். தொமோயேயின் கால் இருபத்தாறரை. பள்ளிக்கூட நாளிலிருந்து விரலை மடக்கி இருபத்தைந்துக்குள் வாழ்கிறவள்.)

4

எனக்கு எப்படித் தெரியும்? ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் யாருமில்லாத நேரம் பார்த்து வந்தாள். ஆண்கள் பூட்ஸ், இருபத்தாறரை, போட்டுப் பார்த்தாள். எழுந்து நின்று இரண்டடி நடந்தாள். பிறகு கால்விரல்களை உள்ளே ஆட்டிப்பார்த்துச் சிரித்தாள். பழைய பூட்ஸில் ஒவ்வொரு பருவமும் இரண்டு நகம் கழன்றுவிடுமாம்.

பூட்ஸின் நாக்கில் ஒட்டியிருந்த அளவுச் சீட்டைக் கிழித்துவிடச் சொன்னாள். கிழித்தேன். அந்த நேரம் பார்த்து மொமொசே உள்ளே வந்தார். தம்பிக்கு வாங்குவதாகச் சொல்லிவிட்டாள். அவர் தம்பியை விசாரித்தார், அவளும் தம்பியின் முழங்கால் வலியைப் பற்றி விவரமாகச் சொன்னாள். அவளுக்குத் தம்பியே கிடையாது.

அவர் அந்தப் பக்கம் போனபிறகு அவளிடம் கேட்டேன், என்னிடம் மட்டும் எப்படிக் காட்டினாய் என்று.

"உங்கிட்ட என்ன வெக்கம், குமு சான்? நீ வெளியாளுதானே."

அன்போடுதான் சொன்னாள். (அன்போடுதான் சொன்னாள் என்று மூன்று வரைவுகளிலும் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் நம்ப முடியவில்லை.) நான் இந்த ஊருக்கு வந்து பதினேழு வருஷம். தெருவில் முறை வைத்து, தினம் காலையில் ஒருவராக, வாய்க்காலை அடைக்கும் பனியை வெட்டுகிறோம், என் முறை தவறியதேயில்லை. குமுதா என்ற பெயரைக் குமு ஆக்கி, மரியாதைக்கு ஒரு சான் சேர்த்துக் கொடுத்தவளே அவள்தான்.

5

மார்ச் இரண்டாவது ஞாயிறு, எங்கள் குன்றில் சோதனை ஓட்ட நாள். அடுத்த பருவப் பலகைகளை வரிசையாகப் பனியில் குத்தி வைப்பார்கள். ஓட்டுநர் உரிமத்தை அடகாகக் கொடுத்து, படிவத்தில் எடையும் கால் அளவும் எழுதி, நாற்பது நிமிஷம் ஓட்டிப்பார்க்கலாம். இந்த ஊர்க்காரர்கள் வாங்குவது அந்த நாற்பது நிமிஷத்தை நம்பித்தான்.

தொமோயே பழைய பூட்ஸில் வந்திருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் சங்கத்துத் தேர்வாளர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இருபத்தைந்து என்று எழுதினாள். என்னைப் பார்க்கவில்லை. படிவம் சொன்னபடி ஒல்லிப் பலகை ஒன்று கைக்கு வந்தது. அதில் அவள் போட்ட வளைவுகளைச் சொன்னால் மிகை என்பீர்கள். மடங்கிய விரலோடு, மேலிருந்து கீழ்வரை, துளி சறுக்கல் இல்லாமல் கோடு கிழித்துக்கொண்டு வந்தாள். டீ குடித்தவர்கள் கோப்பையை இறக்கினார்கள்.

"இதுதான்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "தேர்வுக்குப் புதுசப் போட்டுக்கிட்டு இதுல ஏறினேன்னா, இந்தத் தடவ என்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

புதுசு என்றால் புது பூட்ஸ். அந்தப் பலகையில், அந்த பூட்ஸில். ஆர்டர் தாளிலும் அதே ஒல்லிப் பலகையை, அதே இருபத்தைந்தை எழுதிக் கொடுத்தாள். நான் அங்கேயே வாயைத் திறந்திருக்கவேண்டும். ஆனால் நாலு பேர் முன்னால் ஒருவர் எழுதிய எண்ணைத் திருத்துவது இங்கே யாரும் செய்கிற காரியமல்ல. நானும் செய்யவில்லை.

6

மணி நாலரை. இப்போது கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம். பன்னிரண்டு வருஷம் பலகை ஓட்டுகிறவளுக்குக் கால் இடிக்கும் என்று தெரியாதா?

தெரியும். பிப்ரவரியில் ஒரு வார நாள், ஆளில்லாத காலையில், புது பூட்ஸை மாட்டித் தன் பழைய ஒல்லிப் பலகையில் ஏறினாள். மூன்றாவது வளைவில் நுனி இடித்து, தோள் முதலில் தரையில் மோத விழுந்தாள். ஆட்களைச் சரிவின் மேலே இழுத்துப்போகும் ஏற்றியில் நான் போய்க்கொண்டிருந்தேன், பார்த்தேன். பண்ணைக்காரர்களிடம் வீட்டு மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள். ஒன்பது நாள் ஒரு கையால் தட்டு தூக்கினாள். அடுத்த முறை இப்படி விழுந்தால் வேலைக்கு வேறு ஆள் பார்ப்போம் என்று மேற்பார்வையாளர் மென்மையாகச் சொல்லிவிட்டாராம். என்னிடம் மட்டும், தான் முழங்காலை மடக்கும் விதம் சரியில்லை என்று குறைபட்டாள். கால் அளவைத் தவிர எதை வேண்டுமானாலும் குறை சொல்வாள்.

ஆக, சந்தேகப்பட வேண்டிய பாத்திரம் அவளல்ல. சோதனை ஓட்டம் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது, என் மேசையில் தொலைபேசி இருக்கிறது. நான் ஏன் எடுக்கவில்லை? மரியாதைக்காக என்று எழுதிப்பார்த்தேன். (அடித்துவிட்டேன்.) உண்மை கசப்பாக இருக்கிறது. ஊர்க்காரி என்றால் கண்டும் காணாமல் இருப்பாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை நானும் ஊர்க்காரி. திருத்தினால், அவள் சொன்னதுபோல வெளியாள்தான். இதற்காக ஒருத்தியின் தோளை நான் பணயம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

7

முடிவுகள்.

(அ) தாள் அப்படியே போகிறது. ஜனவரி, தேர்வு, மூன்றாவது வளைவு. மேலே எழுத எனக்குத் தெம்பில்லை.

(ஆ) அவளுக்குத் தெரியாமல் அகலமான மாதிரிக்கு எண்ணை மாற்றுகிறேன். நவம்பரில் பெட்டியைத் திறக்கிறாள், பக்கவாட்டில் ஆண்கள் பலகை என்று அச்சிட்டிருக்கிறது. அவள் ஒன்றுமே கேட்காமல் பணிந்து வணங்கி எடுத்துப்போகிறாள். அதன்பிறகு என்னோடு சாதாரணமாகப் பேசவே —

(இ) போன் பண்ணி, தனியாக, பக்குவமாகச் சொல்கிறேன். நல்ல முடிவு. நல்ல பெண்ணொருத்தி எழுதவேண்டிய முடிவு.

மணி ஐந்து முப்பத்தெட்டு. வாசல் மணி அடிக்கிறது. யாரென்று பார்க்க —

8

இதை மறுநாள் எழுதுகிறேன்.

வந்தது தொமோயே. பண்ணையில் ஒடிந்துபோன காளான் ஒரு பை கொண்டுவந்திருந்தாள், வாரம் தவறாமல் கொண்டுவருவாள். மொமொசே கவுண்டரில் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பியாச்சா, மொமொசே சான்?"

இதோ அனுப்பப்போகிறேன், உங்களுடையது ஏழாவது என்றார் அவர். நான் அவளை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே கூட்டிப்போயிருக்கலாம். கதவு மூன்றடி தூரம். மழைகூட நின்றிருந்தது.

"தொமோயே சான், உன் காலு இருபத்தாறரை," என்றேன். "தாளுல தப்பா இருக்கு. அந்த பூட்ஸ் தம்பிக்கு இல்ல, உனக்கு."

மொமொசே அவள் காலைப் பார்த்தார். பார்த்ததற்காக வெட்கப்பட்டு, சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். தொமோயே என்னை மட்டும் பார்த்தாள், காளான் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு. பிறகு ஒரு வாக்கியம் சொன்னாள்.

அதை எழுதமாட்டேன். இதுவரை அவளுக்காக நானே நிறையப் பேசியாகிவிட்டது. ஆறு மணிக்குப் போன தாளில் என்ன எண் இருந்தது என்பதையும் சொல்லப்போவதில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மொமொசே முன்னால் அவள் கால் அளவைச் சொன்னபோது எனக்குப் பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. ஒருத்தியைக் காப்பாற்றிய சந்தோஷமா, என்னை வெளியாள் என்றவளைத் திருப்பி அடித்த சந்தோஷமா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையின் முடிவு அதுதான்.