பொழுதோடு சாப்பிடுகிற வீடு

வண்டி நின்ற பிறகும் அங்கம்மாள் இறங்கவில்லை. எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. திருப்பருத்திக்குன்றத்தின் அந்தத் தெருவில் எல்லாமே ஓட்டு வீடுகளாக, ஒன்றைப் போலவே இன்னொன்று இருந்தன. ஒரு வாசலில் மட்டும் ஆண்கள் சிலர் நின்றிருந்தார்கள். வண்டியைக் கண்டதும் அவர்கள் ஒதுங்கி வழிவிட்டபோதுதான் அவளுக்கு வீடு தெரிந்தது.

"எறங்கு அண்ணி" என்றான் தர்மன். அவள் புருஷனுக்குத் தம்பி.

காலையில் அவள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தபோது இங்கிருந்து சைக்கிளில் ஒரு ஆள் மாகறலுக்கு வந்தான். அவன் நேரே தர்மனிடம் போனான். தர்மன் அவளிடம் வந்து, "அண்ணனுக்கு ஒடம்பு முடியலையாம், வண்டி கட்றேன்" என்று மட்டும் சொன்னான். ஆனால் வண்டியில் நிறைய வைக்கோலைப் பரப்பி, மேலே புதுப் பாய் ஒன்றைப் போட்டான். பாயைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் அவள் எதுவும் கேட்கவில்லை. வண்டியோட்டி முனிசாமிகூட மாடுகளை அதட்டவில்லை.

கூடத்தில் பரசுராமன் படுத்திருந்தார். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். மேலே போர்த்தியிருந்த வேட்டி அவருடையதல்ல. சரிகைக் கரை போட்டது, மடிப்புக் கலையாதது. சுவரோரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் அங்கம்மாளைப் பார்த்தார்கள். அவர்களுடைய கண்கள் சிவந்திருந்தன. அவள் வருவதற்கு முன்பே அங்கே அழுது முடித்திருந்தார்கள். இப்போது அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. முகம் தெரியாத இத்தனை பேருக்கு நடுவில் எங்கே உட்காருவது என்றுதான் யோசித்தாள்.

பெரிய உடம்புக்காரியான ஒரு அம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "வா அங்கம்மா. இப்பிடி அவரு பக்கத்துல வந்து குந்து."

தன் பெயர் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவள் பெயர் தனக்குத் தெரியாது. அங்கம்மாள் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் ஜெயம்மாள் என்பதும், வாசலில் தர்மனோடு பேசிக்கொண்டிருந்த ஒல்லியான பெரியவர்தான் அவள் புருஷன் அப்பாண்டை நயினார் என்பதும் அப்புறம் தெரிந்தது. நயினார் என்ற பேரை மட்டும் அவள் கேட்டிருக்கிறாள். சித்தப்பா மகனோடு கிணற்றுப் பங்கு வழக்கு தொடங்கிய நாளிலிருந்து பரசுராமன் வாய்தாவுக்கு முதல் நாள் சாயங்காலமே காஞ்சிபுரத்துக்குக் கிளம்பிவிடுவார். காலை பஸ்ஸை நம்பிக் கோர்ட்டுக்குப் போக முடியாது. "எங்க தங்கற?" என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "நயினார்னு ஒரு சிநேகிதரு ஊட்ல" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் பேச்சு அவ்வளவுதான்.

"வெடியக்காலம் கெணத்தடில பல்லு வெளக்கிட்டு வந்து இதோ இந்தத் தூண்லதான் சாஞ்சாரு" என்றாள் ஜெயம்மாள். "கொஞ்சம் தண்ணி குடு அம்மான்னாரு. வடிகட்டி எடுத்துக்கினு வரதுக்குள்ள..." சொம்பை நீட்டுவது போலக் கையை நீட்டினாள். கை அப்படியே நின்றது.

"வலின்னு ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா. ராத்திரிகூடச் சிரிச்சிப் பேசிக்கினுதான் இருந்தாரு. பேச ஆரம்பிச்சா அவரு எங்க நிறுத்துவாரு?"

அங்கம்மாள் திரும்பிப் படுத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார்களோ என்று ஒரு கணம் தோன்றியது.

நயினார் உள்ளே வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். எனக்கும் அதே கோர்ட்டில் ஒரு வழக்கு இருந்தது, புங்க மரத்தடியில் ரெண்டு பேரும் கூப்பிடுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்போம், அப்படித்தான் பழக்கம் என்றார். "என் கேஸு முடிஞ்சிபோச்சி. அவரு மட்டும் வந்துக்கினே இருந்தாரு. போன பங்குனியில நாங்க எல்லாரும் மேல்சித்தாமூருக்கு, எங்க மடத்துத் தேருக்குப் போனோம். சாவியக் குடுத்து, ஊட்டையே அவருகிட்ட உட்டுட்டுத்தான் போனோம். மாட்டைக்கூட அவருதான் கறந்தாரு."

அந்தப் பங்குனி அவளுக்கு நினைவிருந்தது. வக்கீல் வெளியூர் போயிருக்கிறார், காத்திருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரிடமோ சொல்லியனுப்பியிருந்தார்.

"வாய்தா ரொம்ப வந்துக்கினு இருந்துதே" என்றாள்.

நயினார் தோள் துண்டை எடுத்து மடித்தார். ஜெயம்மாள்தான், எதையும் யோசிக்காமல், "வாய்தாவுக்குன்னு மட்டுமா வருவாரு? மே மாசம் கோர்ட்டே மூடிக் கெடக்குது. அப்பவும் வந்தாரே. வந்தா எங்களுக்கும் ஒரு கலகலப்பு" என்றாள்.

வாசற்படியில் நின்றிருந்த தர்மன் தெருவைப் பார்த்தான்.

மே மாதம் அவர் கிளம்பிப் போனது அங்கம்மாளுக்கும் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாய்தா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கோர்ட்டுக்கு லீவு உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் ஜைனர்கள் கும்பிடுகிற தீர்த்தங்கரர் படம் ஒன்று, மாலையோடு. உத்திரத்தில் தொங்கிய கயிற்றில் அவருடைய கோடு போட்ட சட்டை. இந்த வீட்டில் எதையும் அவர் அவளிடமிருந்து ஒளித்து வைத்ததாகத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து பெண்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நல்ல மனுஷர்கள். அதனால்தான் அவளுக்குக் கோபப்படக்கூட இடமில்லாமல் இருந்தது.

"நாங்களும் ஒருதபா மாகறலுக்கு வரோம், ஊட்ல தங்கிக் கோயிலெல்லாம் பாத்துட்டு வரோம்னு சொன்னோம்" என்றாள் ஜெயம்மாள். "உனக்கு ஒடம்பு முடியாம இருக்குது, கொஞ்சம் தேறட்டும்னாரு. இப்ப எப்பிடிமா இருக்குது?"

அங்கம்மாளுக்கு ஒரு நாளும் உடம்புக்கு வந்ததில்லை. ஏர் ஓட்டுவதைத் தவிர எல்லாம் செய்கிறவள். அவள் கணவனின் கட்டிய தாடையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப தேவலாம்" என்றாள்.

தர்மன் உள்ளே வந்து குனிந்தான். "அண்ணி, பொழுது சாயறதுக்குள்ள ஆத்தைத் தாண்டணும்."

"ஒரு வாய் ஏதாவது சாப்பிட்டுட்டுப் போங்க. பக்கத்து ஊட்ல பொழுதோட சமைச்சி வெச்சிருக்காங்க. இருட்டினப்புறம் நாங்க சாப்பிடறதில்ல, வெங்காயமும் சேக்கறதில்ல" என்றாள் ஜெயம்மாள்.

அங்கம்மாள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ரெண்டு வருஷமாக மாகறல் வீட்டிலும் பரசுராமன் வெளிச்சம் இருக்கும்போதே வந்து தட்டின் முன் உட்கார்ந்துவிடுவார். குழம்பிலிருந்த வெங்காயத்தை ஓரமாக ஒதுக்குவார். வயதானால் சிலருக்கு இப்படி ஆகும் என்று அவள் நினைத்தாள். சில நாள் அதற்காகக் கத்தியும் இருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஜெயம்மாள் அவளருகே இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அவளால் பேசாமல் இருக்க முடியாது போலிருந்தது. "நேத்து ராத்திரியும் பொன்னியைப் பத்தித்தான் பேச்சு. இருந்திருந்தா இந்நேரம் கையில ஒரு புள்ளை இருந்திருக்கும்னாரு."

அங்கம்மாள் மெல்லத் திரும்பினாள்.

மகள் பொன்னி காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. புதைத்துவிட்டு வந்த அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லவில்லை. முதல் வருஷம் ஒரு நாள் அங்கம்மாள் தாங்காமல் ஆரம்பித்தாள். அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அப்புறம் அவள் ஆரம்பிக்கவே இல்லை. அவர் மறந்துவிட்டார் என்றுகூட நினைத்திருக்கிறாள்.

"அவரு பொன்னியைப் பத்திப் பேசுவாரா?"

"பேசாத நாளு ஏது? ஆட்டுக்குட்டிக்கு மூக்குத்தி போடணும்னு அழுதாளாமே. முள்ளால குத்தி மூக்குல ஓட்டை போட்டுடலாம், மூக்குத்திக்கு ஆசாரிகிட்டக் கூட்டிக்கினு போன்னு ஒரே அடமாம். இவரு வேர்க்கடலைக் கொல்லையில இருந்து அவளைத் தோள்ல வெச்சிக்கினு, ஆட்டையும் ஓட்டிக்கினு, ஆசாரி ஊட்டு வாசல் வரைக்கும் போனாராம். ஆசாரி ஊட்ல இல்லாததனால குட்டி தப்பிச்சிதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

அங்கம்மாளுக்கு இது தெரியாது. அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள்? களத்திலா, அடுப்படியிலா? அப்பனும் மகளும் ஆட்டை ஓட்டிக்கொண்டு தெருவில் நடந்து போயிருக்கிறார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

"அண்ணி" என்றான் தர்மன்.

"செத்த இருப்பா." அவள் அவனைப் பார்க்கவில்லை. "வேற என்னாம்மா சொன்னாரு?"

ஜெயம்மாள் சொன்னாள். தண்ணீர் வற்றிய ஓடையில் பொன்னி கூழாங்கல் பொறுக்கி அப்பாவின் மடியில் கட்டிவிட்டதை. இடி இடித்தால் அவள் தன் காதை விட்டுவிட்டு அவர் காதைப் பொத்துவதை. அங்கம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சிலது அவளுக்குத் தெரிந்தது. சிலது தெரியாதது. தெரியாதது வரும்போதெல்லாம் படுத்திருந்தவரைப் பார்த்தாள். சுவரோரத்துப் பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

நயினார் தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் கேக்கணும்மா. வெளியூர்ல போன ஒடம்பை ஊருக்குள்ள உடுவாங்களோ என்னமோ, சில ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க. இங்கயே எடுக்கறதுன்னாலும் நாங்க இருக்கிறோம். எங்க ஊட்டு மனுஷன் மாதிரிதான் செய்வோம். நீதான் சொல்லணும்."

"ஊருக்குத்தான். நான் பேசிக்கிறேன்" என்று முந்திக்கொண்டான் தர்மன்.

"அவங்க சொல்லட்டும்பா."

அங்கம்மாள் வாசல் பக்கம் பார்த்தாள். பக்கத்து வீட்டில் தறியை நிறுத்தியிருந்தார்கள். தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. இந்த ஆட்கள் சொன்னதைச் செய்வார்கள். நன்றாகவே செய்வார்கள். இங்கே அவரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

"ஊருக்கே போவட்டும்" என்றாள். "பொன்னி அங்கதான இருக்கிறா."

தர்மன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு வெளியே போய் முனிசாமியைக் கூப்பிட்டான்.

நாலு பேராகத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். நயினார் ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு கூடவே வந்தார். கிடத்திய பிறகும் கையை எடுக்கவில்லை. யாரோ தோளைத் தொட்டதும் எடுத்தார். ஜெயம்மாள் சட்டையை மடித்து அங்கம்மாளிடம் கொடுத்தாள். போர்த்திய வேட்டியை அங்கம்மாள் எடுக்கப் போனபோது, "அது இருக்கட்டும்மா" என்றாள். "நீ எப்ப டவுனுக்கு வந்தாலும் இங்க வந்து தங்கு. கேஸு இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி."

அங்கம்மாள் சரி என்றாள். வரமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஜெயம்மாளுக்கும் அது தெரிந்திருக்கும்.

பாலாற்று மணலில் சக்கரம் புதைந்தது. தர்மனும் முனிசாமியும் இறங்கி ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். விறகுக்கு யாரிடம் சொல்வது, பறைக்கு யாரை அனுப்புவது என்று தர்மன் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தான். மாடுகள் முட்டி மடங்கி எழுந்தன. வண்டியில் அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள்.

அவள் குனிந்தாள்.

"எங்கிட்ட சொன்னா என்னா?" என்றாள் மெதுவாக. "நானும் கேட்டிருப்பன் இல்ல?"

"என்னா அண்ணி?" என்றான் தர்மன், சக்கரத்தின் பக்கத்திலிருந்து.

"ஒண்ணுமில்ல. நீ தள்ளு."

சக்கரம் ஒரு குலுக்கலோடு மேலேறியது. தர்மன் முன்பக்கம் தாவி உட்கார்ந்தான். கரையேறியதும் பாதை திரும்பியது. கூண்டு இல்லாத வண்டி. மேற்கு வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அங்கம்மாள் ஒரு கையை விரித்து, முகத்தில் படாமல், அதற்கு மேலே பிடித்துக்கொண்டாள். மாகறலுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. கை வலித்தபோது மறு கையை வைத்தாள்.